எந்த இரும்பு? கலப்பு டெல்லுரைடுகளில் முடிவுக்கு வராத ஒரு கணக்கு

இரும்பும் டெல்லூரியமும் சேர்ந்தால் என்ன உண்டாகும்? 1938-இல் டெங்னர், இரும்பு, கோபால்ட், நிக்கல் மூன்றின் டைசெலினைடுகளையும் டைடெல்லுரைடுகளையும் எக்ஸ்கதிரில் வைத்துப் பார்த்து ஒரு பதில் எழுதினார். 1954-இல் குரோன்வால்டும் அவருடைய கூட்டாளிகளும் இரும்பு–டெல்லூரியம் தொகுதியை முழுதாக அளந்து அதை விரித்தார்கள். 1974-இல் இப்சர், கோமரெக், மிக்ளர் மூவரும் மறுபடி வரைந்தார்கள். இரண்டே தனிமங்கள் கொண்ட தொகுதிக்கே இத்தனை சுற்று. இதில் இன்னொரு உலோகத்தையும் சேர்த்துவிட்டால் கேள்வி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று, சேர்த்தது உண்மையில் கரைந்து ஒரே பொருளாகியிருக்கிறதா? இரண்டு, அந்தப் பொருளுக்குள் இரும்பு எந்த நிலையில் உட்கார்ந்திருக்கிறது?

இரண்டையும் தனித்தனியாகக் கேட்பதுதான் வழக்கம். எக்ஸ்கதிர்க்காரர்கள் முதல் கேள்விக்குப் பதில் சொல்வார்கள். காந்த அளவீட்டுக்காரர்கள் இரண்டாவதற்கு. ஆனால் ஒவ்வொரு பதிலும் மற்றதன் பதிலை முன்கூட்டியே நம்பிக்கொண்டுதான் எழுதப்படுகிறது. இந்தத் துறையின் பாதித் தகராறு அங்கே தொடங்குகிறது என்பதே இக்கட்டுரையின் வாசிப்பு.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பாடநூல் ‘நிலைமை’ என்று சொல்வதை ஆய்வகத்தில் எல்லாரும் ஃபேஸ் என்றே சொல்கிறார்கள். இரும்பின் ‘நிலை’யோடு குழம்பாமல் இருக்க இங்கும் ஃபேஸ் என்றே இருக்கட்டும்.

கடற்கரைச் சாலையில் இரண்டு ஊர்

காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம், கடப்பாக்கம் தாண்டி வடக்கே போனால் கல்பாக்கம். பல்கலைக்கழகம் உருவானது 1985-இல். அதே ஆண்டு அக்டோபர் 18-ஆம் தேதி கல்பாக்கத்தின் வேக ஈனுலைச் சோதனை உலை முதன்முதலாகத் தொடர்வினைக்கு வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னால் மும்பை டிராம்பேயில் துருவா உலை இயங்கத் தொடங்கியிருந்தது. தற்செயல்தான், ஆனால் டெல்லுரைடு ஆராய்கிற ஒரு தமிழ் மாணவர் இந்த மூன்றின் நிழலிலும் ஏதோ ஒரு கட்டத்தில் நிற்க வாய்ப்புண்டு.

கல்பாக்கத்துக்கு டெல்லூரியம் அக்கறையானது அணுப்பிளவால். யுரேனியமோ புளூட்டோனியமோ பிளக்கும்போது பிறக்கும் துண்டுகளில் டெல்லூரியமும் ஒன்று. எரிபொருள் ஊசியின் உறையோ எஃகு. முன்மாதிரி வேக ஈனுலைக்குத் தேர்ந்த டி-9 என்ற உறைக் கலவையில் ஏறக்குறைய 15 விழுக்காடு குரோமியம், 15 விழுக்காடு நிக்கல். மிச்சத்தில் பெரும்பகுதி இரும்பு. ஆக்சைடு எரிபொருளில் சீசியத்தோடு சேர்ந்து டெல்லூரியம் இந்த உறையின் உட்சுவரை அரிக்கிறது. அங்கே உண்டாவது தனி இரும்பு டெல்லுரைடு அல்ல. குரோமியம், நிக்கல், இரும்பு மூன்றும் போட்டியிடும் இடத்தில் யார் முதலில் டெல்லூரியத்தைப் பிடிக்கிறார்கள், பிடித்தபின் ஒன்றில் ஒன்று கரைகிறதா என்பதுதான் பிரச்சினை. கல்பாக்கத்து வேதியியலாளர்கள் உலோக–டெல்லூரியம் தொகுதிகளை நூட்சன் கலத்தில் சூடாக்கி, ஊசித்துளை வழியே வெளியேறும் ஆவியை நிறை நிறமாலைமானியில் அளந்தது இந்தத் தேவையால்தான். மாதிரியில் இரண்டு ஃபேஸ்கள் கூடியிருக்கும்வரை டெல்லூரிய ஆவியின் அழுத்தம், குறித்த வெப்பநிலையில், மாறாமல் நிற்கும். ஒரே ஃபேஸ் ஆகிவிட்டால் அமைவோடு சேர்ந்து நகரும். ஃபேஸ் எல்லையைக் கண்டுபிடிக்க இதைவிட நேரான வழி குறைவு.

அமெரிக்காவும் இதே பாடத்தை வேறு உலையில் படித்தது. ஓக் ரிட்ஜில் 1965 முதல் 1969 வரை ஓடிய உருகிய உப்பு உலையில், நிக்கல் கலவைப் பாத்திரத்தின் மணியெல்லைகளில் மேலோட்டமான வெடிப்புகள் கண்டார்கள். காரணம் டெல்லூரியம் என்று பின்னால் தெரிந்தது.

அணுஉலைக்காரர்களின் கேள்வி ஆற்றலைப் பற்றியது: எது நிலைக்கும், எவ்வளவு அழுத்தத்தில்? இரும்பின் மின்னேற்றம் என்ன என்று அவர்கள் பெரிதாகக் கவலைப்படவில்லை. அந்தக் கவலை காந்தம் அளக்கும் கூட்டத்திலிருந்து வந்தது; அதற்கு முன் முதல் கேள்வியைப் பார்த்துவிடுவோம்.

கரைந்ததா, வெறுமனே கலந்ததா

எக்ஸ்ஆர்டி (எக்ஸ்கதிர் விளிம்பு விளைவு) வரைபடத்தில் ஒரு பொருளின் கோடுகள் மட்டுமே தெரிந்தால், சேர்மானம் கூடக்கூட அந்தக் கோடுகள் சீராக நகர்ந்தால், திண்மக் கரைசல் உருவாகிவிட்டது என்பது வழக்கமான முடிவு. 1921-இல் வேகார்ட் வகுத்த இந்த நேர்கோட்டு விதி இன்றும் ஆய்வேடுகளில் முதல் சாட்சி. கோடு நகர்ந்தது, ஆகவே கரைந்தது என்று ஒரு வரியில் முடித்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போகிறவர்கள் ஏராளம்.

எது எதில் கரையும் என்பதற்கு முதலில் அளவுவிதிதான் கையில் இருந்தது. உலோகங்களுக்கு ஹ்யூம்-ரோதரியும் அயனிகளுக்குக் கோல்ட்ஷ்மிட்டும் சொன்னது ஏறத்தாழ ஒன்றே: ஆரங்களின் வேறுபாடு 15 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. இரும்பு, கோபால்ட், நிக்கல் மூன்றும் அட்டவணையில் பக்கத்து வீட்டுக்காரர்கள். அளவில் சிக்கல் இல்லை. ஆனாலும் டைடெல்லுரைடுகள் கட்டமைப்பில் பிரிந்துபோகின்றன. இரும்பு டைடெல்லுரைடு மார்க்கசைட் வகை. நிக்கல் டைடெல்லுரைடு கேட்மியம் அயோடைடு வகை, அடுக்கடுக்கானது. கோபால்ட் இடையில் இரண்டு பக்கமும் சாய்கிறது. டெங்னர் கண்டதில் அழகானது இதுதான்: நிக்கலிலும் கோபால்ட்டிலும் மோனோடெல்லுரைடு முதல் டைடெல்லுரைடு வரை அடுக்குகளுக்கு இடையிலிருந்து உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டே போகலாம், நடுவில் முறிவு வராது. இரும்பில் அப்படி இல்லை. அங்கே தனித்தனி ஃபேஸ்கள், நடுவில் இடைவெளிகள்.

அளவுவிதி முழுதாகத் தோற்கும் இடம் கேட்மியம் டெல்லுரைடு. மாங்கனீஸ் டெல்லுரைடு இயல்பில் நிக்கல் ஆர்சனைடு வகையைச் சேர்ந்தது. கேட்மியம் டெல்லுரைடோ ஜிங்க் பிளெண்ட் வகை. இரண்டும் வேறு குடும்பம். அப்படியிருந்தும் கேட்மியத்தின் இடத்தில் முக்கால் பங்குவரை மாங்கனீஸை ஏற்றலாம். மாங்கனீஸுக்குப் பக்கத்தில் நிற்கும் இரும்பு சில விழுக்காட்டோடு நின்றுவிடுகிறது. வழக்கமாகத் தரும் விளக்கம், மாங்கனீஸின் ஐந்து டி-எலக்ட்ரான்கள் பாதி நிரம்பிய, எத்திசையும் சாராத உருண்டை போன்றவை. எந்த இடத்திலும் பொருந்தும். இரும்பின் ஆறாவது எலக்ட்ரான் அந்தச் சமனைக் குலைக்கிறது. விளக்கம் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கவனியுங்கள்: இரும்பு கரையுமா என்ற முதல் கேள்விக்குப் பதில் சொல்ல, அதில் எத்தனை எலக்ட்ரான் என்ற இரண்டாம் கேள்வியின் விடையைக் கடன் வாங்கிவிட்டோம்.

வேகார்ட் சாட்சிக்கு எதிராக இரண்டு குற்றச்சாட்டுகள் உண்டு. முதலாவது அடிப்படையானது. அலகுக்கூட்டின் நீளம் ஒரு சராசரி; அதற்குள் பிணைப்புகள் சராசரியாக இருக்க வேண்டியதில்லை. 1982-இல் மிக்கல்சனும் பாய்ஸும் இண்டியம் காலியம் ஆர்சனைடில், பிணைப்பு நீளங்களைத் தனித்தனியே அளக்கும் எக்ஸாஃப்ஸ் முறையால் இதைக் காட்டினார்கள்: ஒவ்வொரு பிணைப்பும் தன் தாய்ச் சேர்மத்தின் நீளத்தையே கிட்டத்தட்டப் பிடித்துக்கொண்டிருக்கிறது. குடியிருப்பின் சராசரி உயரத்தை அளந்துவிட்டு, எல்லாரும் ஒரே உயரம் என்று எழுதிவிட முடியாதே. இரண்டாவது குற்றச்சாட்டு நடைமுறையானது. இரும்பின் அணுவெண் 26, கோபால்ட்டுக்கு 27. எக்ஸ்கதிருக்கு இவை இரண்டும் ஏறத்தாழ ஒன்றே; யார் எந்த இடத்தில் என்று அது சொல்லாது. நியூட்ரான் சொல்லும். இரும்பின் சிதறல் நீளம் 9.45 ஃபெம்டோமீட்டர், கோபால்ட்டுக்கு 2.49 மட்டும். நிக்கலுக்கு வந்தால் 10.3, இரும்பையும் நிக்கலையும் பிரிக்க நியூட்ரானும் திணறும். கலப்பு உலோகம் எது என்பதைப் பொறுத்துக் கருவியின் பார்வை மாறுகிறது என்பது கட்டுரைகளில் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை.

குழாய்க்குள் நடப்பது

கருத்து மோதல்களைப் பட்டியலிடும் முன் மாதிரி எப்படிப் பிறக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. ஐந்து கிராம் இரும்பு டெல்லுரைடு வேண்டும் என்றால் 1.522 கிராம் இரும்புத்தூளும் 3.478 கிராம் டெல்லூரியமும் நிறுக்க வேண்டும். இரண்டையும் அகேட் உரலில் அரைத்து, குவார்ட்ஸ் குழாயில் இட்டு, காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கி, கழுத்தை நெருப்பில் உருக்கி அடைக்க வேண்டும். டெல்லூரியம் 450 டிகிரி செல்சியஸில் உருகும். அங்கே அவசரப்பட்டால் வினையின் சூட்டோடு ஆவியழுத்தமும் சேர்ந்து குழாய் வெடிக்கும். ஆகவே மெதுவாக ஏற்றி, 700, 800 டிகிரியில் நாள்கணக்கில் வைப்பார்கள். பிறகு உடைத்து, மறுபடி அரைத்து, வில்லையாக அழுத்தி, மறுபடி அடைத்துச் சூடாக்குவார்கள். கடைசியில் பனிநீரில் போட்டுத் திடீரென்று குளிர்விப்பதா, உலையோடு மெல்ல ஆறவிடுவதா என்பது அவரவர் பழக்கம். கையுறையைக் கழற்றிவிட்டு டெல்லூரியத்தைத் தொட்டவர்கள் பல நாள் பூண்டு வாடையோடு திரிவார்கள். உடம்பு அதை டைமெத்தில் டெல்லுரைடாக்கி மூச்சில் வெளியே விடுகிறது.

இதில் பிழை எங்கே நுழைகிறது? இரும்பின் அளவு ஒரு விழுக்காடு மாற 15 மில்லிகிராம் போதும். குழாய்ச் சுவரில் வெள்ளிநிறத்தில் படிந்து நிற்கும் டெல்லூரியம் 35 மில்லிகிராம் இருந்தால் அதே விளைவு. இரும்புத்தூளின் மேல் ஏற்கெனவே ஆக்சைடு பூத்திருந்தால் நிறுத்தது அனைத்தும் இரும்பே இல்லை. ஹைட்ரஜனில் சூடாக்கி ஒடுக்கிய பிறகே நிறுக்க வேண்டும். நிறுத்த அமைவைக் கட்டுரைத் தலைப்பில் போட்டுவிட்டு, கிடைத்த அமைவை அளக்காமல் விட்டவை பழைய ஆவணங்களில் நிறைய. குளிர்வித்த விதமும் அப்படியே. பனிநீரில் போட்டவர் 700 டிகிரியின் ஃபேஸைப் பிடித்து வைத்திருப்பார். ஆறவிட்டவர் 400 டிகிரியில் பிரிந்ததைப் பார்த்திருப்பார். இருவரும் ஒரே வாய்பாட்டை எழுதிவிட்டுப் பத்தாண்டு சண்டை போடலாம்.

எக்ஸ்ஆர்டியிலும் ஒரு கண்ணி உண்டு. பெரும்பாலான ஆய்வகங்களில் தாமிரக் குழாய்தான். அதன் கதிரின் ஆற்றல் 8.05 கிலோ எலக்ட்ரான் வோல்ட். இரும்பின் உட்கவர் விளிம்பு 7.11. ஆகவே இரும்பு அந்தக் கதிரை விழுங்கித் தானே ஒளிர்கிறது. பின்புலம் ஏறிவிடும், ஒன்று இரண்டு விழுக்காடு மாசு ஃபேஸ் அதற்குள் மறைந்துபோகும். ‘ஒற்றை ஃபேஸ்’ என்று எழுதும் முன் இதை யோசிக்க வேண்டும்.

எண்ணிக்கைக் கட்சி

இனி இரும்பின் நிலை. முதல் கட்சிக்குக் கணக்கு எளிது. டெல்லூரியம் இரண்டு எலக்ட்ரான் எடுக்கும். ஆகவே மோனோடெல்லுரைடில் இரும்பு 2+. டைடெல்லுரைடில் டெல்லூரியம் இரட்டை இரட்டையாகப் பிணைந்து, ஜோடிக்கு இரண்டு எலக்ட்ரான் எடுக்கிறது. அங்கும் இரும்பு 2+. இரண்டு இரும்புத் தளங்கள் உள்ள இரும்பு ஜெர்மேனியம் டெல்லுரைடிலும் இதே கணக்கைப் போட்டு, ஒரு தளத்தில் 3+, மற்றதில் 2+ என்று பிரித்தார்கள். 220 கெல்வினை ஒட்டிக் காந்தமாகும் அந்த அடுக்குப்பொருள் 2006-இல் அறிமுகமானது. இன்று மெல்லேட்டுக் காந்தங்களின் உலகில் அதிகம் பேசப்படுவது.

இதன் பலவீனத்தைப் பாலிங்கின் அட்டவணையே சொல்லிவிடும். எலக்ட்ரான் கவர்தன்மையில் ஆக்சிஜன் 3.44, டெல்லூரியம் 2.1, இரும்பு 1.83. ஆக்சைடில் இரும்பிடமிருந்து எலக்ட்ரான் போய்விட்டது என்று சொல்வதில் பொருள் இருக்கிறது. டெல்லுரைடில் இருவரும் ஏறக்குறைய சமபலசாலிகள். இங்கே ஆக்சிஜனேற்ற எண் கணக்குப்பிள்ளையின் பதிவு; சரக்கு அங்கே இருக்கிறதா என்பது வேறு விஷயம். ஆனாலும் கேட்மியம் டெல்லுரைடில் சில விழுக்காடு கரைந்த இரும்புக்கு இந்தக் கணக்கு அபாரமாகப் பொருந்துகிறது. நான்முகியின் நடுவில் தனித்து நிற்கும் இரும்பு 2+ மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் காந்தமற்ற அடிநிலைக்கு இறங்கி, வான் விளெக் வகைக் காந்தமே காட்டும். நிறமாலையும் காந்த அளவீடும் இதில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன. ஆக, கட்சி தவறு என்பதைவிட, இரும்பு தனியாக இருக்கும்வரை செல்லும் என்பதே சரி.

பட்டைக் கட்சி

மார்க்கசைட் குடும்பத்தில்தான் இரண்டாம் கட்சி வளர்ந்தது. இந்தக் கட்டமைப்பில் சில சேர்மங்களுக்கு அலகுக்கூட்டின் ஒரு விகிதம் 0.73 முதல் 0.75 வரை, வேறு சிலவற்றுக்கு 0.55-ஐ ஒட்டி. நடுவே வெற்றிடம். இரும்பு டைசல்ஃபைடும் டைடெல்லுரைடும் முதல் வகை. இரும்பு டைஆர்சனைடு இரண்டாம் வகை. எண்ணிக்கைக் கட்சி, ஆர்சனைடில் இரும்பு 4+ ஆகிவிட்டது என்று இதற்கு விளக்கம் சொன்னது. 1972-இல் குட்இனஃப் இந்தச் சேர்மங்களின் ஆற்றல் பட்டைகளை வகுத்து எழுதியபோது கேள்வி திசை மாறியது: எத்தனை எலக்ட்ரான் யாருக்கு என்பதைவிட, எந்தப் பட்டை நிரம்பியது, எது காலி என்று கேட்பதே பொருத்தம்.

கலப்பு உலோகத்துக்கு இதுவே உண்மையான சோதனை. இரும்பு டைடெல்லுரைடில் ஆறு டி-எலக்ட்ரான்களும் ஜோடி சேர்ந்து, காந்தமின்றிக் குறுகிய இடைவெளிக் குறைகடத்தியாக இருக்கிறது. இரும்பின் இடத்தில் கொஞ்சம் கோபால்ட் வைத்தால் ஓர் எலக்ட்ரான் கூடுதல். அது கோபால்ட்டோடு இருக்கிறதா, பக்கத்து இரும்புக்குப் போகிறதா? பட்டைக் கட்சி, அது யாருக்கும் சொந்தமில்லை, பொதுச்சொத்து என்கிறது. கோபால்ட் செறிந்த முனையில் இந்தப் பதில் வசதியானது. நீர்த்த முனையில், ஆயிரத்தில் பத்து கோபால்ட் என்ற அளவில், எலக்ட்ரான் தன் வீட்டு வாசலைத் தாண்டாமல் இருக்கக்கூடும். எந்த அளவில் தனிச்சொத்து பொதுச்சொத்தாகிறது என்பதைப் பட்டைக் கோட்பாடு மட்டும் வைத்துச் சொல்வது கடினம். அதற்கு மாதிரி சீராகக் கலந்திருப்பது உறுதியாக வேண்டும். மறுபடி முதல் கேள்வி.

இரும்பு டைடெல்லுரைடின் நானோத் துகள்களில் காந்தம் கண்டதாகச் சொல்லும் கட்டுரைகளும் உண்டு. அவற்றைச் சந்தேகத்தோடு படிப்பதே நல்லது. மேக்னட்டைட்டின் காந்தமாதல் கிராமுக்கு 92 இஎம்யு. ஒரு கிராம் மாதிரியில் ஒரு மில்லிகிராம் மேக்னட்டைட் ஒட்டியிருந்தாலே 0.09 இஎம்யு வந்துவிடும். எக்ஸ்ஆர்டியில் அது தலைகாட்டாது. 120 கெல்வினை ஒட்டி வளைவில் மேக்னட்டைட்டுக்கே உரிய ஒரு சிறு மடிப்பு தெரிகிறதா என்று பார்த்தால் பல வேளை உண்மை வெளிப்படும்.

மோனோடெல்லுரைடு தந்த சங்கடம்

இரண்டு கட்சிகளும் சேர்ந்து தடுமாறிய இடம் எளிய இரும்பு டெல்லுரைடு. காரணம், அந்த அளவுக்கு எளிய பொருள் உண்மையில் இல்லை. நாற்கோணக் கட்டமைப்பில் இரும்பு ஒரு சதுர வலையாகவும், அதன் மேலும் கீழும் டெல்லூரியமாகவும் அமைந்த அடுக்கு; இந்த அடுக்கு நிலைக்க டெல்லூரியத்தைவிட இரும்பு சற்றுக் கூடுதலாகவே தேவை. கூடுதல் இரும்பு அடுக்குகளுக்கு இடையில் போய் உட்காருகிறது. ஆக ஒரே படிகத்துக்குள் குறைந்தது இரண்டு இரும்பு.

மாஸ்பவர் நிறமாலை இரும்பின் நிலைக்கு நீதிபதியாகக் கருதப்படுவது. 1958-இல் கண்டறிந்த விளைவு; இயற்கை இரும்பில் இரண்டு விழுக்காடே உள்ள 57 நிறையெண் ஐசோடோப்பு 14.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாக்கதிரை விழுங்கும்போது, அணுக்கருவின் மேல் எலக்ட்ரான் அடர்த்தி எவ்வளவு என்று நகர்வாகக் காட்டுகிறது. ஆக்சைடுகளில் உயர்சுழற்சி (எலக்ட்ரான்கள் இயன்றவரை ஜோடி சேராத) இரும்பு 2+ என்றால் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய நகர்வு. உயர்சுழற்சி 3+ என்றால் 0.3 முதல் 0.5, தாழ்சுழற்சி 2+ என்றாலும் கிட்டத்தட்ட அதே வட்டாரம். இரும்பு டைடெல்லுரைடுக்கும் மோனோடெல்லுரைடுக்கும் அறைவெப்பத்தில் நகர்வு அரை மில்லிமீட்டரை ஒட்டியே வருகிறது. அட்டவணைப்படி இரண்டும் தாழ்சுழற்சி 2+, காந்தமற்றவை.

டைடெல்லுரைடுக்கு அது சரி. மோனோடெல்லுரைடை 2009-இல் நியூட்ரானில் வைத்தபோது, 70 கெல்வினுக்குக் கீழே ஒழுங்கான எதிர்க்காந்த அமைப்பும், ஒவ்வொரு இரும்பிலும் ஏறத்தாழ இரண்டு போர் மேக்னட்டான் திருப்புத்திறனும் இருந்தன. தாழ்சுழற்சி என்றால் பூச்சியம் வர வேண்டும். முழு உயர்சுழற்சி என்றால் நான்கு. வந்தது இரண்டு. இதைவிடச் சங்கடம், மாஸ்பவர் காட்டிய அகக்காந்தப்புலம் பத்து டெஸ்லாவை ஒட்டியது. சாதாரண இரும்பில் 2.2 மேக்னட்டானுக்கு 33 டெஸ்லா. அதே விகிதத்தில் இங்கே முப்பது வந்திருக்க வேண்டும்.

நீதிபதி தவறு செய்யவில்லை. சட்டப்புத்தகம்தான் வேறு ஊருடையது. ஆக்சைடிலும் ஹேலைடிலும் தொகுத்த அட்டவணையை, எலக்ட்ரானைத் தாராளமாகப் பங்கிடும் டெல்லூரியத்தின் முன் விரித்து வைப்பது முறையாகாது. இதே எச்சரிக்கை எக்ஸ்பிஎஸ் (எக்ஸ்கதிர் ஒளியெலக்ட்ரான் நிறமாலை) முறைக்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும். அது பார்ப்பது மேற்பரப்பின் சில நானோமீட்டர். டெல்லூரியக் கோடு 576 எலக்ட்ரான் வோல்ட்டில் தெரிந்தால் மேற்பரப்பு டெல்லூரியம் ஆக்சைடாகிவிட்டது என்று பொருள். அதே மாதிரியில் 711-இல் தெரியும் இரும்பு 3+ உள்ளிருக்கும் இரும்பு அல்ல, மேலே பூத்த துரு. கலப்பு டெல்லுரைடை நீர்ப்பகுப்பு வினையூக்கியாக முன்வைக்கும் அண்மைக் கட்டுரைகளில் பல இந்த இரண்டு கோடுகளையும் அடுத்தடுத்த படங்களில் போட்டுவிட்டு, உள்ளே 2+, 3+ விகிதம் இன்னது என்று எழுதிவிடுகின்றன.

கூடுதல் இரும்பு என்ன செய்கிறது என்பதற்கு 2009-இல் ஜாங், சிங், டூ மூவரின் கணக்கீடு ஒரு துணிச்சலான விடை சொன்னது: அது இரும்பு 1+ போல ஓர் எலக்ட்ரானை அடுக்குக்குக் கொடுத்துவிட்டு, வலுவான காந்தமாக நடுவில் நிற்கிறது. எண்ணிக்கைக் கட்சியின் பட்டியலில் இல்லாத ஒரு நிலை. 2011-இல் சாலிஸ்னியாக்கின் குழு நியூட்ரானில் கண்டது அதைவிட விசித்திரம். பத்து கெல்வினிலிருந்து அறைவெப்பம் வரை சூடாக்கும்போது இரும்பின் உள்ளார்ந்த திருப்புத்திறன் கூடுகிறது. சுழற்சி எண் ஒன்றிலிருந்து ஒன்றரையை நோக்கி. சூடு ஏறினால் ஒழுங்கு குலையும் என்பது தெரிந்தது. அணுவின் காந்தமே பெரிதாகும் என்பதை யாரும் எதிர்பார்க்கவில்லை. அதே ஆண்டு யின், ஹவுல், கோட்லியார் இந்தக் குடும்பத்தில் மிக வலுவாக எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று பாதிக்கும் சேர்மம் இரும்பு டெல்லுரைடே என்று கணித்தனர்: பட்டை உண்டு, உள்ளூர்த் திருப்புத்திறனும் உண்டு, இரண்டும் ஒரே எலக்ட்ரானில். இப்போதைக்கு வலுவான நிலைப்பாடு இதுதான் என்று தோன்றுகிறது. பலவீனம், எதையும் ஓரளவு விளக்கிவிடும் நெகிழ்ச்சி.

செலினியமும் சிவப்பு ஒயினும்

2008-இல் தைவானில் இரும்பு செலினைடு 8 கெல்வினில் மீக்கடத்தியானது. அதே ஆண்டில் டெல்லூரியமும் செலினியமும் பாதிப்பாதி இருந்தால் 14, 15 கெல்வின் என்று தெரிந்ததும் உலகெங்கும் குழாய்கள் அடைபட்டன, கல்பாக்கத்திலும். இங்கே கலப்பது உலோகத்தை அல்ல, மறுபக்கத்தை. ஆனாலும் ஃபேஸ் உருவாக்கமும் இரும்பின் நிலையும் ஒன்றையொன்று எப்படிப் பிடித்து ஆட்டுகின்றன என்பதற்கு இதைவிடத் துலக்கமான உதாரணம் இல்லை.

செலினியம் அதிகமுள்ள பக்கத்தில் ஒரு பகுதியில் மாதிரி இரண்டாகப் பிரியும் என்று ஆண்டுக்கணக்கில் நம்பினார்கள். 2015-இல் இமாயும் கூட்டாளிகளும் துடிப்பு லேசரால் மெல்லேடாகப் படியவைத்தபோது பிரிவு வரவில்லை. அந்த இடத்தில் மீக்கடத்தல் 23 கெல்வின்வரை ஏறியது. பிறகு தனிப்படிகங்களும் அங்கே வளர்ந்தன. ‘கரையாது’ என்றிருந்தது, இந்த வழியில் தயாரித்தால் கரையாது என்பது மட்டுமே. மறுபுறம், எக்ஸ்ஆர்டி ஒற்றை ஃபேஸ் என்று சான்றளித்த பாதிப்பாதி மாதிரியிலும் எக்ஸாஃப்ஸ் இரண்டு தனித்தனிப் பிணைப்பு நீளங்களைக் கண்டது: இரும்பு–செலினியம் 2.4 ஆங்ஸ்ட்ராமை ஒட்டி, இரும்பு–டெல்லூரியம் 2.6-ஐ ஒட்டி. செலினியம் தாழ்ந்து நிற்கிறது, டெல்லூரியம் உயர்ந்து நிற்கிறது. இரும்பின் ஒவ்வொரு பக்கத்து வீடும் வேறு உயரம்.

கூடுதல் இரும்பு மீக்கடத்தலைக் கெடுக்கும். அதை அகற்ற ஆக்சிஜனிலும் அயோடினிலும் சூடாக்கிப் பார்த்தார்கள். ஜப்பானில் ஒரு குழு, கந்தகம் சேர்ந்த இரும்பு டெல்லுரைடை மதுவகைகளில் இட்டு 70 டிகிரியில் ஒரு நாள் வைத்தது. பீர், சாகே, விஸ்கி எல்லாவற்றையும்விடச் சிவப்பு ஒயின் நன்றாக வேலை செய்தது. காரணம் பின்னால் தெளிந்தது: பானத்திலுள்ள கரிம அமிலங்கள் இடையடுக்கு இரும்பைக் கரைத்து வெளியே எடுக்கின்றன. வேடிக்கையாகத் தோன்றினாலும் இது கறாரான சோதனை. அடுக்குக்குள் இருக்கும் இரும்பு அசையவில்லை. இடையில் இருந்தது மட்டும் வெளியேறியது. இரண்டு இரும்பும் வேதியியல்படியும் வேறுவேறு என்பதற்கு இது சாட்சி.

திறந்தே இருப்பவை

எண்ணிக்கைக் கணக்கு நீர்த்த கரைசலுக்குப் போதும், பட்டைக் கணக்கு மார்க்கசைட் டைடெல்லுரைடுக்குப் போதும் என்பதில் இப்போது பெரிய சண்டை இல்லை. இடைப்பட்ட பரப்பில்தான் நிலம் சதுப்பு.

டெல்லுரைடுகளுக்கென்று தனி மாஸ்பவர் அளவுகோல் வேண்டும். டெல்லூரியத்தின் 125 ஐசோடோப்பும் மாஸ்பவர் விளைவு தரும். ஒரே மாதிரியில் இரு பக்கத்திலிருந்தும் அளந்தால் எலக்ட்ரான் யாரிடமிருந்து யாருக்கு என்பதைச் சற்று நேர்மையாகச் சொல்லலாம். அப்படி இரண்டையும் சேர்த்து அளந்த கலப்பு உலோகத் தொடர்கள் குறைவு. இரும்பு–கோபால்ட் டைடெல்லுரைடில் கோபால்ட் அணுக்கள் சிதறிக் கிடக்கின்றனவா, கூட்டம் கூடுகின்றனவா என்பதை நியூட்ரான் நன்றாகச் சொல்லக்கூடும். இரும்பு–நிக்கலுக்கு எக்ஸாஃப்ஸே வழி. இந்தியாவில் இதற்கான கருவிகள் ஒரே கூரையின்கீழ் இல்லை. மாதிரி ஒரு கடற்கரை ஆய்வகத்தில் பிறந்தால், மாஸ்பவருக்கு இந்தூரிலுள்ள பல்கலைக்கழக மானியக்குழு–அணுசக்தித் துறைக் கூட்டமைப்பு, எக்ஸாஃப்ஸுக்கு அதே ஊரில் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரான், நியூட்ரானுக்கு மும்பையில் துருவா என்று பயணம் போக வேண்டும். பயணத்தில் ஆகும் மாதங்களில் தூள் மாதிரியின் மேற்பரப்பு காற்றோடு பேசிக்கொண்டிருக்கும். ஒரே குழாயின் ஒரே துண்டை எல்லா இடத்திலும் அளந்தார்களா, அடுத்த குழாயையா என்ற கேள்வி அற்பமானதல்ல.

கல்பாக்கத்துக் கேள்வியும் அப்படியே நிற்கிறது. உறைச் சுவரில் இரும்பு, குரோமியம், நிக்கல் மூன்றும் டெல்லூரியத்தைச் சந்திப்பது 600 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில். நாம் அளப்பதோ குளிர்வித்த மாதிரியை, அறைவெப்பத்திலும் அதற்குக் கீழும். பத்து கெல்வினுக்கும் முந்நூறுக்கும் இடையிலேயே இரும்பு தன் திருப்புத்திறனை மாற்றிக்கொள்ளும் என்றால், தொள்ளாயிரம் கெல்வினில் அது எந்த இரும்பு என்பதை அங்கேயே போய் அளக்க வேண்டும். அந்தச் சூட்டில் மாஸ்பவர் சமிக்ஞை மங்கும்; டெல்லூரியம் குழாயின் குளிர்ந்த முனைக்கு ஓடும்; மாதிரியின் அமைவு அளக்கும்போதே நகரும். நூட்சன் கலம் ஆவியை மட்டும்தான் பார்க்கிறது. உள்ளே மிஞ்சியதை அதே நேரத்தில், அதே சூட்டில், எக்ஸ்கதிரில் பார்க்க ஏற்பாடு செய்தால் ஃபேஸ் எல்லையும் இரும்பின் நிலையும் முதல்முறையாக ஒரே அளவீட்டில் வரும்.